முப்பத்தொன்றாம் பாயிண்டில் ஒன்பது நாள்

ஆறு வருடம் ஒருவன் மேல் கறுவிக்கொண்டு இருப்பது லேசான காரியம் இல்லை. அதற்கும் தினமும் நேரம் ஒதுக்க வேண்டும். நான் ஒதுக்கினேன். பல் தேய்க்கும்போது கொஞ்சம், குளிக்கும்போது கொஞ்சம், தூக்கம் பிடிக்காத நேரம் முழுக்க. அந்த ஆளின் பெயரை எழுதி என் கையை அழுக்காக்கிக்கொள்ள மாட்டேன். ரயில்வே டிப்போவில் நாங்கள் வைத்த பெயரே அவனுக்குப் போதும்: சுண்ணாம்பு.

மேலதிகாரி யாராவது சோதனைக்கு வருகிறார் என்று காதில் விழுந்தால் போதும், கண்ணில் பட்டதற்கெல்லாம் வெள்ளையடிக்கச் சொல்வான். தண்டவாள ஓரத்துக் கல், கை கழுவும் தொட்டி, விளக்குக் கம்பத்தின் அடி. ஒருமுறை தள்ளுவண்டியின் சக்கரத்துக்கும் சேர்த்து அடித்ததில் அது ஒரு வாரம் உருளவில்லை. "ஒரே இடத்துல அரை மணி உக்காராதீங்கடா, நமக்கும் அடிச்சிருவான்" என்று சொல்லிச் சிரிப்போம். நானும்தான் சிரித்தேன், மடையன்.

அங்கே நான் பாயிண்ட் ஃபிட்டர். ஒரு தடம் இரண்டாகப் பிரியும் இடத்தைப் பாயிண்ட் என்போம். அங்கே நாக்கு என்று ஒரு நகரும் தண்டவாளம் இருக்கும். பக்கத்தில் பெட்டி போல ஓர் இயந்திரம். அது நாக்கைத் தள்ளி, தள்ளிய இடத்திலேயே பூட்டும். பூட்டு சரியாக இருந்தால் மேலே எத்தனை டன் உருண்டாலும் நாக்கு அசையாது. பூட்டு தேய்ந்துவிட்டால் வண்டி போகும்போதே நாக்கு விலகிப் பாயிண்ட் வாயைப் பிளக்கும். விரற்கடை அளவு பிளந்தால் போதும், சக்கரம் தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டு போய்விடும்.

சரக்கு யார்டில் 4407 என்ற எண் போட்ட இயந்திரத்தில் பூட்டு தேய ஆரம்பித்திருந்தது. மூன்று வாரம், மூன்று முறை ரெஜிஸ்டரில் எழுதினேன். எழுதியதோடு விடவில்லை. மழையிலும் எண்ணெயிலும் ரெஜிஸ்டர் நாறிப்போகும் என்பதால், இயந்திரத்தின் மூடிக்கு உள்பக்கம் பெயின்ட் பேனாவால் குறித்து வைப்பது எங்கள் ஃபிட்டர்களின் வழக்கம். "பூட்டு தேய்வு. மாற்றவும்." கீழே தேதி. மூன்றாம் முறை சுண்ணாம்பையே கூட்டிப்போய்க் காட்டினேன். என் பேனாவையே வாங்கி, "பார்த்தேன்" என்று எழுதி, வால் நீண்ட தன் கையெழுத்தையும் போட்டான்.

"சோதனை முடியட்டும்பா. மாத்திரலாம்" என்றான்.

சோதனைக்கு முன்பு டிப்போவில் ஒரு கூத்து நடக்கும். எண்ணெய்க் கறை படிந்த ரெஜிஸ்டரை அதிகாரியிடம் காட்டக் கூடாதாம். ஒரு வருடத்து ரெஜிஸ்டரையும் முத்து முத்தான கையெழுத்தில் புதிதாக எழுதுவார்கள். அதற்கு 'நல்ல ரெஜிஸ்டர்' என்று பெயர். பிறகு நாங்கள் எல்லோரும் வரிசையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போடுவோம். ஒரே பேனாவில் போட்டால் சந்தேகம் வருமென்று ஐந்து பேனா சுற்றி வரும். யாரும் ஒரு வரி படிக்க மாட்டோம். படிக்க ஆரம்பித்தால் வீட்டுக்கு எப்போது போவது? நானும் அறுபது எழுபது பக்கத்துக்குப் போட்டேன். அந்த மூன்று நாளுக்கும் எதிரே 'சரியாக உள்ளது' என்று எழுதியிருந்ததை நான் பார்க்கவில்லை.

பதினோரு நாள் கழித்து 4407 வாயைப் பிளந்தது. மூன்று சரக்குப் பெட்டிகள் சாய்ந்தன. பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் ஷண்டிங்காரர் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று.

விசாரணையில் நல்ல ரெஜிஸ்டரை எடுத்து வைத்தார்கள். பழைய ரெஜிஸ்டர் எங்கே என்றேன், கரையான் தின்றுவிட்டது என்றான் சுண்ணாம்பு. மூடியைக் கொண்டு வாருங்கள் என்றேன், இயந்திரத்தை உடைத்துப் பழைய இரும்பில் போட்டாயிற்று என்றான். கழித்த பொருட்களின் பட்டியலில் 4407 ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. முழுப் பூசணிக்காயையும் சோற்றில் மறைத்துவிட்டான். கவனக்குறைவு, பொய்ப் பதிவு என்று சொல்லி என்னை வேலையை விட்டே நீக்கினார்கள். வாசலில் என் தோளில் கை வைத்து, ஏதோ துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டான்:

"கையெழுத்து உன்னோடதுதானேப்பா?"

பாவி! அந்தக் குரல் ஆறு வருடம் என் காதை விட்டுப் போகவில்லை. கால் போன மனிதர் கடைத்தெருவில் என்னைக் கண்டால் ஊன்றுகோலைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கம் போவார். அவரை நிறுத்தி விளக்கம் சொல்ல என் கையில் என்ன இருந்தது?

வீட்டைத் தாங்கியவள் என் மனைவி. அச்சகத்தில் பைண்டிங் வேலை. காலை எட்டுப் பத்து பாசஞ்சரில் போய், மாலை ஆறு மணி வண்டியில் திரும்புவாள். அந்த வண்டியில் மூன்றாவது பெட்டி அவளுக்கு இன்னொரு வீடு. கண்ணாடிக்கடை அக்கா, நர்ஸம்மா, வாயாடி என்று அவர்கள் பட்டப்பெயர் வைத்திருந்த ஒரு சின்னப் பெண், நால்வருக்கும் எதிரெதிர் இருக்கை. நான் வேலை போய்க் கிடந்த மாதங்களில் அந்த மூன்று பேர்தான் அவளைச் சிரிக்க வைத்து அனுப்பினார்கள். நான் சொல்லப்போகும் நாட்களில் வாயாடி ஏழு மாதக் கர்ப்பிணி. ஜன்னலோரம் அவளுக்குத்தான் என்று தீர்ப்பாகியிருந்தது.

போன வருடம் ரயில்வேயில் எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றும் வேலை வந்தது. ஒவ்வொரு பாயிண்ட், ஒவ்வொரு சிக்னல், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு க்யூஆர் ஸ்டிக்கர். எது எங்கே இருக்கிறது, எத்தனை வயது, எப்போது மாற்ற வேண்டும் என்று திரையில் தெரியும். ஒப்பந்தம் எடுத்த கம்பெனிக்கு இயந்திரம் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. என்னை எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் கூட்டத்துக்குப் போனால், மேடையில் நிற்பவன் யார்? சுண்ணாம்பு! இப்போது டிவிஷன் முழுக்க உள்ள சொத்துகளுக்கு அவன்தான் தலைவன். இந்தத் திட்டம் அவன் தலைக்கு வரப்போகும் கிரீடம். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தான்.

"அட, நீயா! நல்லா இருக்கியா? பழசையெல்லாம் மனசுல வச்சுக்காம வேலையப் பாருப்பா."

"வச்சுக்கல சார்" என்றேன். எவ்வளவு பெரிய பொய்!

புதிய முறையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அதற்கு நல்ல ரெஜிஸ்டர் கிடையாது. கம்பெனி கொடுத்த கைக்கருவியில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் நான்கு படம் எடுக்க வேண்டும்: வெளியே உள்ள நம்பர் தகடு, உள்ளே வார்ப்பிலேயே குத்திய எண், மூடியின் உள்பக்கம், அளவுகோல் வைத்துப் பூட்டு. எடுத்த நிமிடமே தேதியும் நேரமும் இடமும் படத்தின் மூலையில் விழும். அழிக்க முடியாது, வேறு கேமராவில் எடுத்த படத்தை ஏற்ற முடியாது; அனுப்பும் வரை கருவியிலேயே இருக்கும்.

நான்காம் தேதி திங்கட்கிழமை முப்பத்தொன்றாம் பாயிண்டுக்குப் போனேன். பாசஞ்சர் வண்டிகள் போகும் பிரதான பாதை. இயந்திரம் பளபளவென்று இருந்தது. ஐந்து வருடம் முன்பு புதிதாகப் பொருத்தியது என்று பட்டியல் சொன்னது. மூடியைத் திறந்தேன்.

உள்ளே என் கையெழுத்து இருந்தது.

"பூட்டு தேய்வு. மாற்றவும்." மூன்று தேதி. அதற்குக் கீழே "பார்த்தேன்", வால் நீண்ட அந்தக் கையெழுத்து. வார்ப்பில் குத்திய எண்ணை விரலால் தடவிப் பார்த்தேன், 4407. என் குற்றப்பத்திரிகையின் ஒவ்வொரு பக்கத்திலும் இருந்த எண்ணை நான் மறப்பேனா? புது இயந்திரம் வந்து சேரவில்லை, ஆனால் 'மாற்றியாகிவிட்டது' என்று கணக்குக் காட்ட வேண்டும். அதற்காக, உடைத்துப் போட்டதாகச் சொன்ன சனியனைத் தூசு தட்டி, வெளியே பெயின்ட் அடித்து, புதுத் தகட்டை அறைந்து, பிள்ளைகுட்டிகள் போகிற பாதையில் கொண்டுவந்து வைத்திருக்கிறான். உள்ளே அடிக்க மறந்துவிட்டான். வெள்ளையடிக்கிறவன் புத்தி வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும்.

ஜல்லியில் உட்கார்ந்து வாய் விட்டு அழுதேன். பிறகு சிரித்தேன். பிறகு பூட்டை அளந்தேன். இடைவெளி மூன்று மில்லிமீட்டர் வரை இருக்கலாம். ஏழு இருந்தது. தேய்ந்த இடத்தில் யாரோ தகட்டுத் துண்டைச் செருகி ஒப்பேற்றியிருந்தார்கள்.

கருவியின் திரையில் சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு: 'உடனடி ஆபத்து'. அழுத்தினால் அந்தப் பாதையில் வண்டி நிற்கும். என் விரல் அதன் மேலேயே இருந்தது.

அழுத்தவில்லை.

அழுத்தினால் முதல் தகவல் சுண்ணாம்புக்குத்தான் போகும், நான் வீடு சேர்வதற்குள் இயந்திரம் மாயமாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பதின்மூன்றாம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரியம்மா வருகிறார். பெரிய திரையில் எல்லாவற்றையும் காட்டி சுண்ணாம்பு பதவி உயர்வு வாங்கப் போகிறான். அந்தத் திரையில், அத்தனை பேர் நடுவில், அவன் முகம் போகிற போக்கை நான் பார்க்க வேண்டும். அதுதான் மீதிப் பாதி. நான்கு படத்தையும் எடுத்துக் கருவியிலேயே வைத்துக்கொண்டேன், அனுப்பவில்லை. தகட்டுத் துண்டை இன்னும் இறுக்கமாக அடித்து, மசகு போட்டு, மூடினேன். ஒன்பது நாள் தாங்கும். தாங்காதா என்ன?

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன்:

"நாளையிலேர்ந்து கொஞ்ச நாளைக்கு பஸ்ல போ. பாதையில வேலை நடக்குது. வண்டி எப்ப வரும்னு சொல்ல முடியாது."

"பஸ்ஸா? ரெண்டு பஸ் மாறணுமேங்க. நின்னுக்கிட்டே போகணும்."

"சொன்னா கேளேன்."

"சரி சரி, அதுக்கு ஏன் கத்துறீங்க?" என்று சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்திருக்க அலாரம் வைத்தாள்.

மறுநாளிலிருந்து தினமும் எட்டு நாற்பதுக்கு முப்பத்தொன்றாம் பாயிண்டுக்கு அருகில் போய் நின்றேன். எதற்கு நின்றேன்? பிளந்தால் கையால் பிடித்து நிறுத்தவா? எட்டுப் பத்து வண்டி வேகத்தைக் குறைத்துக்கொண்டு வரும். சக்கரம் ஏறும்போது பூட்டு தடதடவென்று ஆடும். கடைசிப் பெட்டி போகும் வரை ஒவ்வொரு பெட்டியாக எண்ணுவேன். மூன்றாவது பெட்டி ஜன்னலிலிருந்து வாயாடி தலையை நீட்டிக் கத்துவாள்.

"அண்ணா! அக்கா ஏன் வரல? சண்டையா?"

கை அசைப்பேன். அவளும் அசைப்பாள். ஆறாம் நாள் தடதடப்பு கூடியிருந்தது. இன்னொரு தகட்டுத் துண்டைச் செருகினேன். எந்தச் சுண்ணாம்புக்காரன் செய்ததைப் பார்த்து நான் கொதித்தேனோ, அதே வேலையை அதே இடத்தில் செய்தேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. இன்னும் மூன்று நாள், இன்னும் இரண்டு நாள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதின்மூன்றாம் தேதி அரங்கம் நிறைந்திருந்தது. சுண்ணாம்பு புதுச் சட்டையில் இருந்தான். செய்து காட்டுவதற்காகக் கையில் கருவியோடு நான் மேடை ஓரத்தில் நின்றேன். திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள்.

"மேடம், நம்ம டிவிஷன்ல பன்னிரண்டாயிரம் சொத்து. ஒவ்வொண்ணும் இப்ப என் விரல் நுனியில" என்றான்.

அதிகாரியம்மா கண்ணாடியைச் சரிசெய்தபடி கேட்டார்: "ஒண்ணு மட்டும் மஞ்சளா இருக்கே. முப்பத்தொண்ணு?"

சுண்ணாம்பு என் பக்கம் திரும்பிச் செல்லமாக அதட்டினான். "என்னப்பா, இன்னும் அனுப்பலையா? அனுப்பு, அனுப்பு. மேடம் பாக்கட்டும்."

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும். இவன் தானே செம்பைத் தூக்கிக் கொடுத்தான். அனுப்பினேன்.

புள்ளி சிவந்தது. எண் பொருந்தவில்லை என்று ஒரு வரி வந்தது. ஆறு வருடம் முன்பு விபத்துக்குப் பின் கழிக்கப்பட்ட இயந்திரம் என்று இன்னொரு வரி. பிறகு படங்கள் ஒவ்வொன்றாக, ஆள் உயரத்துக்கு. மூடியின் உள்பக்கம் வந்தபோது அதிகாரியம்மா எழுந்து திரைக்கு அருகில் போனார்.

"இது... சாஃப்ட்வேர் கோளாறு மேடம். புதுசு இல்லையா..."

"சாஃப்ட்வேர் பெயின்ட் பேனாவுல எழுதுமா?" என்றார் அவர். "மொதல்ல அந்தப் பாதையில வண்டிய நிறுத்துங்க. இந்தப் 'பார்த்தேன்' யாரோடது?"

நான் மேடை ஓரத்திலிருந்து முன்னால் வந்தேன்.

"கையெழுத்து உங்களோடதுதானே சார்?"

ஆகா! அந்த முகம்! ரத்தம் சுண்டி, நிஜமாகவே சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. ஆறு வருடத்துக்கு அது கொஞ்சம்தான், ஆனாலும் தேன். பொய் சொல்ல மாட்டேன், இன்றைக்கு நினைத்தாலும் இனிக்கிறது. சாயங்காலத்துக்குள் அவனை இடைநீக்கம் செய்தார்கள். பாயிண்டைப் பார்த்துவிட்டு வந்த இன்ஜினியர், தகட்டுத் துண்டு கையோடு வந்துவிட்டது, நாளை வரை தாங்கியிருக்குமா என்பதே சந்தேகம் என்றார். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. என் பழைய கோப்பைத் திறக்கும்படி அதிகாரியம்மா உத்தரவு எழுதிக்கொண்டிருந்தார், என் கண் அதில் இருந்தது.

வீட்டுக்கு ஓடினேன். மனைவி அப்போதுதான் இரண்டாவது பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, காலை நீட்டி உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சுண்ணாம்பு மாதிரி நடித்தும் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள், என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கால் போனவருக்கு மொதல்ல போன் பண்ணுங்க" என்றாள். "அந்தப் படத்தக் காட்டுங்களேன். உங்க கையெழுத்த நான் பாக்கணும்."

கருவியைக் கொடுத்தேன். மூடியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். விரல் படத்தின் மூலைக்குப் போனது, அங்கேயே நின்றது.

"ஏங்க, இது நாலாம் தேதி எடுத்ததா?"

"ஆமா."

"நாலாம் தேதி திங்கக்கெழமை. அன்னிக்கித்தான என்ன பஸ்ல போகச் சொன்னீங்க?"

கருவியை வாங்கக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"பாதையில வேலை நடக்குதுன்னீங்க."

"அனுப்பியிருந்தா அவன் எல்லாத்தையும் மறச்சிருப்பான். ஆதாரம் போயிருக்கும். புரிஞ்சுக்கோ. தகடு வச்சு அடிச்சிருந்தேன். ஒண்ணும் ஆயிருக்காது."

"ஒண்ணும் ஆகாதுன்னா என்ன மட்டும் எதுக்குங்க வண்டியிலேர்ந்து எறக்குனீங்க?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன்.

"தினமும் போன் பண்ணா அந்தப் பொண்ணு. 'உங்க வீட்டுக்காரரு பாயிண்டுகிட்ட நின்னு டாட்டா காட்டுறாருக்கா'ன்னு சொல்லிச் சிரிச்சா. நானும் சிரிச்சேன்." கருவியை என் பக்கம் தள்ளி வைத்தாள். "சுண்ணாம்புக்கு அந்த வண்டியில யார் போறாங்கன்னு தெரியாதுங்க. உங்களுக்கு ஒவ்வொருத்தரையும் தெரியும்."

இரண்டு மாதத்தில் என் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது. ஒன்பது நாள் ஏன் அனுப்பவில்லை என்று விசாரணையில் ஒரு கேள்வி கேட்டார்கள். ஆதாரத்தைக் காப்பாற்ற என்று எழுதிக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். பழைய வேலையே திரும்பக் கிடைத்தது. கால் போனவர் வீடு தேடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். முப்பத்தொன்றாம் பாயிண்டில் நிஜமாகவே புது இயந்திரம் வந்திருக்கிறது. நானே பொருத்தினேன், நானே நான்கு படமும் எடுத்து அன்றைக்கே அனுப்பினேன். வாயாடிக்குப் பெண் குழந்தை பிறந்து அவளும் வேலைக்குத் திரும்பிவிட்டாள். எட்டுப் பத்து வண்டி ஒரு சத்தம் இல்லாமல் அந்த இடத்தைக் கடக்கிறது.

என் மனைவி இன்னும் பஸ்ஸில்தான் போகிறாள். விடியும் முன்பே எழுந்து, இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே. பாதை சரியாகிவிட்டது, வண்டியிலேயே போ என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

"அவங்க மூணு பேரு மொகத்துல எப்படிங்க முழிப்பேன்?" என்கிறாள்.